கரண்ட் இருக்கு, மோட்டர் நிக்கக்கூடாது: இரட்டை இன்வேர்ட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையில் இருந்து அக்கரைப்பற்று வரை அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, இறால் பண்ணை என்று மோட்டர் பெனல் வேலைக்குப் போகும் இடமெல்லாம் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. இரட்டை இன்வேர்ட்டர் என்று இங்கே சொல்வது, ஒன்று பழுதானாலும் மோட்டர் ஓடும்படி இன்வேர்ட்டரையோ அதன் பகுதிகளையோ இரட்டிப்பாக வைப்பதை. ஒலுவில் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் செயற்திட்டத்துக்காகக் கேட்டவையும் இதில் உண்டு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும். ஆகவே மேலிருந்து வாசித்தால் நல்லது.

இன்வேர்ட்டர் எண்டா கரண்ட் போனா வீட்டில லைட் எரிய வைக்கிற பெட்டிதானே? அதுக்கும் மோட்டருக்கும் என்ன சம்பந்தம்?

வேலை ஒன்றுதான், டி.சி.யை ஏ.சி.யாக்குவது. வீட்டுப் பெட்டி பற்றரியில் இருந்து எடுக்கிறது. மில்லில் 'டிரைவ்' என்று சொல்லும் மோட்டர் இன்வேர்ட்டர், லைனில் வரும் 400 வோல்ட் மூன்று பேஸை முதலில் டி.சி.யாக்கி, ஏறக்குறைய 560 வோல்ட்டில் கப்பாசிட்டர்களில் வைத்துக்கொள்ளும். இந்த இடத்துக்கு டி.சி. பஸ் என்று பெயர். அதிலிருந்து ஆறு மின்னணுச் சுவிட்ச்கள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, நமக்கு வேண்டிய அலைவெண்ணில் புதிய மூன்று பேஸைச் செய்கின்றன. 50 ஹேர்ட்ஸில் நாலு போல் (காந்த முனை) மோட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். 25 ஹேர்ட்ஸ் கொடுத்தால் 750.

ஆறு சுவிட்சும் மேலே ஒன்று கீழே ஒன்றாகச் சோடி சேர்ந்து மூன்று 'கால்'களாக நிற்கும். ஒரு காலுக்கு ஒரு பேஸ். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இதுதான் வரும்.

அதில என்னதான் பழுதாகும்? எரிஞ்சா எரிஞ்சதுதானே?

எரிவது பலவிதம். சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிப்போய் எப்போதும் மூடியே இருக்கலாம், அது ஷோர்ட். உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பி விட்டுப்போய்த் திறந்தே இருக்கலாம், அது ஓப்பன். சுவிட்ச் நன்றாக இருந்தும் அதற்குக் கட்டளை கொடுக்கும் சின்ன போர்ட் செத்திருக்கலாம். கரண்டை அளக்கும் சென்சர் பொய் சொல்லலாம். கப்பாசிட்டர் மெதுவாக வற்றலாம். பொதுவான கணக்குப்படி, வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இந்தவகைக் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக்கூரைக்குக் கீழே மூடிய பெனலுக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் மூன்று சாமான் உண்டு. அரிசி ஆலையில் வெப்பத்தகட்டின் இடுக்கெல்லாம் உமித்தூசி அடைத்து, விசிறி சுற்றியும் காற்று போகாமல் இருக்கும். வாவிக்கரையில் டெர்மினல் ஆணிகளில் பச்சை பூத்திருக்கும். மூன்றாவது பல்லி. கதவைத் திறந்தால் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே கருகி ஒட்டிக்கொண்டிருக்கும், போர்டில் கரித்தடம் மட்டும் நீளமாகப் போயிருக்கும். கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எந்தத் தொழில்நுட்பமும் இதைத் தடுக்காது.

ஒரு சுவிட்ச்தானே செத்தது, மற்ற அஞ்சும் இருக்கே. ஏன் முழு மோட்டரும் நிக்குது?

ஷோர்ட் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். மேல் சுவிட்ச் ஒட்டிப்போன நிலையில் அதே காலின் கீழ் சுவிட்சும் மூடினால், 560 வோல்ட் டி.சி. நேராகத் தன்னோடு தானே முட்டும். ஐ.ஜி.பி.டி. என்னும் அந்தச் சுவிட்ச் அதைத் தாங்குவது சுமார் 10 மைக்ரோசெக்கன்தான். அதனால் டிரைவ் மென்பொருளைக் கேட்டுக்கொண்டிருக்காமல், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

ஓப்பன் என்றால் உடனே வெடிக்காது. அந்த பேஸின் கரண்ட் அலையில் மேல்பாதியோ கீழ்பாதியோ காணாமல் போகும், மற்றப்பாதி வரும். மோட்டர் சுற்றும், ஆனால் உறுமும், அதிரும். மிச்சக் கால்கள் சுமையைத் தாங்கச் சூடேறும். சாதாரண டிரைவ் இதைக் கண்டதும் ட்ரிப் ஆகும், அதாவது தானாக அணைந்துவிடும். ட்ரிப் ஆகாமல், செத்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்து ஓட்டுவதைத்தான் பழுது தாங்கும் கட்டுப்பாடு என்கிறோம்.

அப்ப ரெண்டு டிரைவ் வாங்கி ரெண்டையும் ஒரே மோட்டருக்குக் குடுத்தாச் சரிதானே சேர்?

தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு டிரைவின் வெளியீட்டையும் ஒரே வயரில் சேர்த்தால், ஒன்று மேல் சுவிட்சை மூடியிருக்கும் கணத்தில் மற்றது கீழ் சுவிட்சை மூடியிருக்கும். முந்திய பதிலில் சொன்ன ஷோர்ட்தான், இந்தமுறை இரண்டு பெட்டியும் போகும். சேர்த்து ஓட்டுவதற்கென்றே செய்த டிரைவ்கள் உண்டு. அவை ஒரே துடிப்பில் ஓடும், நடுவில் ரியாக்டர் என்ற சுருள்கள் இருக்கும். கடையில் வாங்கும் இரண்டு தனிப்பெட்டிகள் அப்படியானவை அல்ல.

இரட்டிப்பாக வைப்பதில் கடினமான பகுதி இரண்டாவது பெட்டி அல்ல, முதலாவதைக் கழற்றுவது. ஏரில் பூட்டிய சோடியில் ஒரு மாடு படுத்துவிட்டால், அதை நுகத்தில் இருந்து அவிழ்க்காமல் மற்ற மாட்டால் ஓரடி நகர முடியாது. அதேபோல ஷோர்ட்டான காலை பியூஸ் வைத்தோ மின்னணுச் சுவிட்ச் வைத்தோ மோட்டரில் இருந்து பிரித்த பிறகுதான் மற்றது வேலை செய்யும். ஒரு டிரைவ் ஓடும்போது மற்றது ஓய்வில் நிற்கும் ஏற்பாடு என்றால், இரண்டுக்கும் தனித்தனிக் கொன்டாக்டர் (மின்காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச்) வேண்டும். இரண்டும் ஒருசேர மூட முடியாதபடி இயந்திரப் பூட்டும் வேண்டும்.

ஸ்பெயார் டிரைவ் ஒண்டு அலுமாரியில இருந்தாப் போதாதா?

பெரும்பாலான ஆட்களுக்குப் போதும். இந்தப் பக்கத்தையே எழுதியதற்கு முக்கிய காரணம் இதைச் சொல்வதற்குத்தான். நீங்கள் கேட்க வேண்டியது 'எனக்கு என்ன சுற்று வேண்டும்' என்பதல்ல, 'என் வேலை எவ்வளவு நேரம் நிற்கலாம்' என்பது. அரிசி ஆலை பெரும்போக அறுவடை நேரத்தில்கூட ஓரிரு மணித்தியாலம் நிற்கலாம். மூட்டைகள் காத்திருக்கும், முதலாளி ஏசுவார், அவ்வளவுதான். ஐஸ் தொழிற்சாலையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி குளிரைச் சில மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். இறால் குளம் வேறு கதை. விடியப்புறம் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் துடுப்புச் சக்கரங்கள் எல்லாம் நின்றால் நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அங்கேயும் ஒரே பெரிய மோட்டரைவிடத் தனித்தனி லைனில் பல சின்ன மோட்டர்கள் என்பதே மலிவான பாதுகாப்பு.

மில்லிசெக்கன் கூட நிற்கக்கூடாத இடங்களும் உண்டு. காரின் மின் ஸ்டியரிங், விமானத்தின் இறக்கைப் பலகையை அசைக்கும் மோட்டர் போன்றவை. கீழே சொல்லப்போகும் சுற்றுக்களின் உண்மையான வீடு அங்கேதான்.

ஸ்பெயார் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மோட்டரின் பெயர்ப்பலகை விபரங்களையும் மற்ற அமைப்புக்களையும் அதில் ஏற்றி வையுங்கள், இல்லாவிட்டால் இரவு 2 மணிக்குக் கையேடு தேடவேண்டி வரும். அப்புறம், ஒரு வருடத்துக்கு மேல் கரண்ட் காணாமல் கிடந்த டிரைவுக்கு உடனே முழு வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். உள்ளே கப்பாசிட்டரின் மெல்லிய படலம் பலவீனப்பட்டிருக்கும். குறைந்த வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும்.

நாலாவது கால் எண்டு ஒண்டு இருக்காமே, அது என்ன?

மூன்று கால் இருக்கும் இடத்தில் இன்னொரு சோடி சுவிட்ச் சேர்ப்பது. இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதலாவது, அது சும்மா காத்திருக்கும். எந்தக் கால் செத்தாலும் அதைப் பிரித்துவிட்டு, அந்த பேஸை இந்தக் காலுக்கு மாற்றுவார்கள். மோட்டருக்கு எந்தக் குறையும் இல்லை, முழு வேகம், முழு இழுவை. குறை வேறிடத்தில்: எந்த பேஸையும் மாற்றக்கூடிய இணைப்புச் சுவிட்ச்கள் கூடுதலாக வேண்டும். அவையும் பழுதாகக்கூடிய சாமான்கள்தான்.

இரண்டாவது, நாலாவது காலை மோட்டரின் மூன்று சுருளும் ஒன்றுசேரும் நடுப்புள்ளியில் இணைப்பது. ஒரு பேஸ் முழுதாகப் போனாலும் மிச்ச இரண்டு பேஸாலும் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கலாம், ஏனென்றால் மிச்சக் கரண்ட் திரும்பிப்போக இப்போது வழி இருக்கிறது. நடுப்புள்ளி வயர் இல்லாவிட்டால் ஒரு பேஸில் போன கரண்ட் மற்றதில் திரும்பியே ஆகவேண்டும், புலம் சுழலாது, முன்னும் பின்னும் ஆடும்.

காலே சேர்க்காமல், செத்த பேஸை டி.சி. பஸ்ஸின் நடுவில், இரண்டு கப்பாசிட்டருக்கு இடையில் கட்டும் வழியும் இருக்கிறது. மலிவு. ஆனால் மோட்டருக்குக் கிடைக்கும் வோல்ட் பாதியாகும், ஆகவே முழு இழுவையோடு பாதி வேகம்வரைதான் போகலாம். அதோடு பேஸ் கரண்ட் முழுவதும் கப்பாசிட்டருக்குள்ளால் போகும். ஏற்கெனவே வெக்கையில் நொந்த கப்பாசிட்டர் என்றால் அது அதிக நாள் நிற்காது.

மறுகா, ரெண்டு பேஸில ஓடும்போது கரண்ட் 1.73 மடங்கு எண்டு எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு. அது எங்கால வருது?

நல்ல கேள்வி, மாணவர்கள் இதைப் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்று பேஸ் சேர்ந்து உண்டாக்கும் புலத்தின் அளவு, ஒரு பேஸின் உச்சப் புலத்தைப்போல ஒன்றரை மடங்கு. முதலாவது பேஸைப் பூச்சியமாக்கிவிட்டு, அதே ஒன்றரை மடங்குப் புலம் அதே வேகத்தில் சுற்றவேண்டும் என்று இரண்டு அச்சிலும் சமன்பாடு எழுதுங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸ் கரண்டின் கூட்டுத்தொகை 3 மடங்கு வரும், வித்தியாசம் 1.73 மடங்கு வரும். தீர்த்தால் ஒவ்வொன்றும் பழைய கரண்டின் 1.73 மடங்கு. இரண்டுக்கும் இடையில் வழக்கமான 120 பாகை இல்லை, 60 பாகை. கூட்டுத்தொகைதான் நடுப்புள்ளி வயரில் போகும் கரண்ட், அதாவது 3 மடங்கு. நாலாவது காலை மற்றக் கால்களின் அளவிலேயே வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சூடு கரண்டின் வர்க்கத்தில் போவதால், ஒவ்வொரு பேஸிலும் 3 மடங்கு, மொத்தத்தில் முன்பைப்போல 2 மடங்கு. வைண்டிங்கை, அதாவது மோட்டரின் சுருள்களை, காப்பாற்ற வேண்டுமென்று கரண்டைப் பழைய அளவிலேயே நிறுத்தினால் புலம் 58 வீதம்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நம் மில்களில் உள்ள நடுத்தர, பெரிய மோட்டர்களின் பலகையில் 400/690 என்று இருக்கும், அவை 400 வோல்ட்டில் டெல்டாவில், அதாவது மூன்று சுருளையும் முக்கோணமாகக் கட்டி, ஓடுபவை. டெல்டாவில் நடுப்புள்ளியே இல்லை. நடுப்புள்ளிக்காக, மூன்று சுருளின் ஒரு முனையையும் ஒன்றாகக் கட்டும் ஸ்டாரில் மாற்றினால் ஒவ்வொரு சுருளுக்கும் 400க்குப் பதில் 230 வோல்ட்தான் போகும். எல்லா பேஸும் சுகமாக இருக்கும்போதே முழுப் புலத்தோடு 58 வீத வேகத்தைத் தாண்ட முடியாது. ஆகவே இந்த முறை வேண்டுமென்றால் மோட்டரையும் அதற்கேற்றபடி எடுக்க வேண்டும்.

எங்கட மோட்டரில ஆறு வயர் வெளிய வருது. அப்ப அது டபுள் வைண்டிங்தானே?

இல்லை. அது ஸ்டார்-டெல்டாவுக்காக மூன்று சுருளின் இரண்டு முனைகளும் வெளியே வருவது. சுருள் மூன்றுதான்.

இரட்டை மூன்று பேஸ் மோட்டர் என்பது ஒரே உடலுக்குள் இரண்டு முழுமையான வைண்டிங், இரண்டு நடுப்புள்ளி, இரண்டு டிரைவ். இரண்டு தொகுதிக்கும் இடையில் வழக்கமாக 30 பாகை தள்ளி வைப்பார்கள். அப்படி வைத்தால் டிரைவின் கரண்டில் உள்ள அழுக்கால் வரும் ஆறாவது மடங்கு அதிர்வு ஒன்றையொன்று வெட்டிவிடும். ஒரு டிரைவ் செத்தால் அதன் மூன்று பேஸையும் அணைத்துவிட்டு மற்றதில் ஓடலாம், எந்தச் சமன்பாடும் மாறாது. கரண்டைக் கூட்டாமல் பாதி முறுக்குவிசை (இழுவை) கிடைக்கும். நான் இந்த முறையைத்தான் விரும்புகிறேன், கணக்கு எளிது, பிரிப்பதும் எளிது. கார்களின் மின் ஸ்டியரிங்கில் இரட்டை வைண்டிங் பரவியதற்கும் இந்த எளிமை ஒரு காரணம்.

வைண்டிங் கட்டும் தம்பிமாருக்கு: நாலு போல், 48 ஸ்லொட் (கம்பி வைக்கும் பள்ளம்) என்றால் ஒரு ஸ்லொட்டுக்கு 15 மின்பாகை, இரண்டு ஸ்லொட் தள்ளினால் 30 சரியாக விழும். 24 ஸ்லொட் என்றால் ஒன்று தள்ளினால் போதும். 36 ஸ்லொட்டில் ஒன்றுக்கு 20 பாகை, 30 விழாது. எந்த ஸ்லொட்டிலும் இரண்டு தொகுதியின் கம்பி சேர்ந்து வந்தால் நடுவில் காப்புத்தாள் கட்டாயம். ஒன்றின் எரிவு மற்றதுக்குத் தாவினால் இரட்டிப்பே அர்த்தமில்லை.

பாதி இழுவை எண்டா பம்பும் பாதித் தண்ணிதானே தரும்?

அதைவிடக் கூடவும் தரலாம், ஒரு துளியும் தராமலும் விடலாம். சுழல்விசைப் பம்புக்கு வேண்டிய முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் போகும். பாதி முறுக்குவிசையில் ஏறக்குறைய 71 வீத வேகம் ஓடலாம், அப்போது சக்தி 35 வீதம்தான். உயரம் ஏற்றாமல் வாய்க்காலில் இருந்து வாய்க்காலுக்கு இறைக்கும் பம்ப் என்றால் தண்ணீரும் சுமார் 71 வீதம் வரும். ஆனால் அந்த வேகத்தில் பம்பின் தள்ளும் உயரம் பாதியாகிவிடும். உயரத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் என்றால், தண்ணீர் குழாயில் பாதியில் நிற்கும், பம்ப் உள்ளுக்குள் தண்ணீரைக் கலக்கிச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அப்படியான இடத்தில் பாதி மோட்டர் என்பது மோட்டரே இல்லாததுக்குச் சமன்.

நெல் ஏற்றும் எலிவேட்டர், கன்வேயர் போன்றவைக்கு வேகம் எவ்வளவு குறைந்தாலும் இழுவை அதேயளவு வேண்டும். பாரத்தோடு நின்றுவிட்டால் பாதி இழுவையில் திரும்பத் தொடங்காது.

பழுது எண்டு மெசினுக்கு எப்பிடித் தெரியும்? நெல் அடைச்சாலும் கரண்ட் ஏறுதே?

நெல் அடைத்தால் மூன்று பேஸும் சேர்ந்து ஏறும். சுவிட்ச் செத்தால் ஒன்று கோணும். இந்த வித்தியாசம்தான் அடிப்படை. மூன்று கரண்டையும் இரண்டு அச்சில் ஒரு புள்ளியாகக் குறித்தால், நல்ல மோட்டரில் அந்தப் புள்ளி வட்டமடிக்கும். பாரம் ஏறினால் வட்டம் பெரிதாகும். ஒரு சுவிட்ச் ஓப்பன் ஆனால் வட்டம் அரைவட்டமாகும், எந்தப் பக்கம் காணாமல் போகிறதோ அது எந்தச் சுவிட்ச் என்று காட்டும். இதற்கு ஏறக்குறைய ஒரு சுற்று பார்க்க வேண்டும், 50 ஹேர்ட்ஸில் 20 மில்லிசெக்கன். அவசரப்பட்டு முடிவெடுத்தால் நல்ல காலை வெட்டிவிடும், ஆறுதலாக இருந்தால் மிச்சச் சுவிட்சும் சூடாகும்.

சென்சர் பொய் சொல்வது இதைவிடத் தந்திரமானது. நடுப்புள்ளி இணைக்காத மோட்டரில் மூன்று கரண்டும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு சென்சர் பிழை என்று தெரியும், எது என்று தெரியாது. அதற்கு மோட்டரின் கணித மாதிரி ஒன்றை டிரைவுக்குள் ஓடவிட்டு, எந்த சென்சர் அதோடு ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பார்கள். இரண்டு சென்சர் மட்டும் உள்ள மலிவான டிரைவில் இந்தக் கூட்டல் சோதனைக்கே இடமில்லை, மூன்றாவது கரண்டை அது கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறது.

நிரந்தரக் காந்த மோட்டர்தான் இப்ப நல்லமாம். அதுக்கும் இதெல்லாம் சரிவருமா?

கரண்ட் மிச்சம், உண்மை. ஆனால் பழுது நேரத்தில் அது பிடிவாதக்காரன். சாதாரண மோட்டரில் டிரைவை அணைத்தால் ரோட்டரின் காந்தம் சீக்கிரம் தானாக அழிந்துவிடும். இதில் காந்தத்தை அணைக்க முடியாது. சுற்றும்வரை வோல்ட் பிறக்கும். ஒரு காலில் ஷோர்ட் இருந்தால் அதற்குள் கரண்ட் ஓடி மோட்டரைப் பிடித்து இழுக்கும். வேகம் அதிகமாக இருக்கும்போது எல்லாச் சுவிட்சையும் திறந்தாலும், பிறக்கும் வோல்ட், கரண்டை ஒருபக்கம் மட்டும் விடும் டயோட்களுக்குள்ளால் டி.சி. பஸ்ஸில் ஏறி அதை நிரப்பும்.

அதனால் இங்கே வைத்தியம் தலைகீழ்: ஒரு பேஸ் ஷோர்ட்டானால் அந்தத் தொகுதியின் மூன்று பேஸையும் வேண்டுமென்றே ஷோர்ட் பண்ணுவார்கள். கரண்டை அப்போது சுருளின் தூண்டலே கட்டுப்படுத்தும். ஷோர்ட்டிலும் கரண்ட் பெயர்ப்பலகை அளவைத் தாண்டாதபடி தூண்டல் கூடிய சுருளாக மோட்டரை வடிவமைத்தால்தான் இது பாதுகாப்பு. அப்படி வடிவமைக்காத மோட்டரில் செய்தால் சுருள் கருகும், காந்தமும் வலுவிழக்கலாம்.

எல்லாம் ரெட்டையாப் போட்ட இடத்தில ரெண்டும் ஒரே இரவில செத்ததாம். பிறகென்ன பிரயோசனம்?

இரண்டு பெட்டி இருந்திருக்கும், இரண்டுக்கும் பொதுவானது ஒன்றும் இருந்திருக்கும். ஐப்பசி இடிமழையில் ஒரே லைனால் வரும் மின்னல் அதிர்ச்சி இரண்டையும் பார்த்துத்தான் போகும். ஒரே 24 வோல்ட் சப்ளை, ஒரே குளிர்விசிறி, ஒரே எர்த் கம்பி, ஒரே பெனல் கதவு, ஒரே மென்பொருள் பிழை, எதுவும் போதும். டிரைவை இரட்டிப்பாக்கும் காசில் முதலில் தனித்தனி மின்னல் காப்பு, தனித்தனிக் கட்டுப்பாட்டு சப்ளை, தனிப் பெட்டி போடுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சரே சொன்ன நாடு தழுவிய மின்தடை நாளில், எத்தனை இன்வேர்ட்டர் இருந்தும் பயனில்லை. அதற்கு ஜெனரேட்டர்தான் பதில்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சாமான் இரண்டு மடங்கானால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குறைவது எல்லாம் ஒன்றாக நிற்கும் வாய்ப்பு மட்டும்தான். அதுவும், ஓய்வில் நிற்பது உயிரோடு இருந்தால். மாறிமாறி ஓட்டாத காத்திருப்பு டிரைவ் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது.

விலை எவ்வளவு வரும்?

டொலரோடு ஆடும் விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். நாலாவது கால், இரட்டை வைண்டிங் எல்லாம் கடையில் ஆயத்தமாகக் கிடைக்காது, செய்விக்க வேண்டும். மில் வைத்திருப்பவருக்கு என் வரிசை: தூசி, விசிறி, ஓட்டை அடைப்பு, பிறகு மின்னல் காப்பு, பிறகு அமைப்பு ஏற்றிய ஸ்பெயார், பிறகு டிரைவைத் தாண்டி நேராக லைனில் ஓட்டும் பைபாஸ். வேகக் கட்டுப்பாடு இல்லாமலும் ஓடக்கூடிய மோட்டருக்குப் பைபாஸைவிட மலிவான மாற்றுவழி கிடையாது. டிரைவின் வெளியீட்டுக்குள் லைன் கரண்ட் திரும்பிப் பாயாதபடி, மேலே சொன்ன அதே இயந்திரப் பூட்டு இங்கேயும் வேண்டும்.

ஒரு பக்கம் செத்து மற்றப் பக்கத்தில ஓடிக்கொண்டிருக்கேக்க, செத்த டிரைவைத் திறந்து மாத்தலாமா? அதுக்குத்தானே ரெட்டை?

டிரைவின் உள்வரும் லைனை வெட்டியும் பூட்டியும் ஆயிற்று, ஆகவே கை வைக்கலாம் என்று நினைப்பார்கள். முதலாவது, கப்பாசிட்டரில் வோல்ட் இன்னும் இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் நிமிடம்வரை காத்திருந்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகுதான் தொடலாம். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை: செத்த தொகுதியின் சுருள்கள் ஓடிக்கொண்டிருக்கும் அதே மோட்டருக்குள் இருக்கின்றன. மற்றத் தொகுதியின் புலம் ட்ரான்ஸ்போமர்போல இவற்றிலும் வோல்ட்டைத் தூண்டும், காந்த மோட்டர் என்றால் காந்தமே தூண்டும். அந்த வோல்ட் மோட்டர் கேபிள் வழியாகச் செத்த டிரைவின் டெர்மினலுக்கு வரும், டயோட்களுக்குள்ளால் டி.சி. பஸ்ஸையும் திரும்ப நிரப்பும். காத்திருந்து பயனில்லை, மோட்டர் சுற்றும்வரை அது வடியாது.

மோட்டர் பக்கத்திலும் பூட்டுப் போடக்கூடிய பிரிப்புச் சுவிட்ச் இருந்தால், அதைத் திறந்து பூட்டி, டெர்மினலை அளந்து பார்த்துவிட்டு மாற்றலாம். அப்படிச் சுவிட்ச் இல்லையென்றால், மோட்டரை நிறுத்தக்கூடிய நேரம் வரும்வரை பெனல் கதவை மூடியே வையுங்கள்.